கிள்ளான்காரரின் கடிதங்கள்

குப்பையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. ஆபீஸ் மேசையானாலும் வீட்டு அலமாரியானாலும், வேண்டாததைத் தூக்கி வீசிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். இதைப் பெருமையாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு, கணினித் திரையில் ‘திற’, ‘மூடு’, ‘சேமி’ என்று தமிழில் வர வேண்டும் என்று பித்துப் பிடித்து அலைந்த நாற்பது பேரில் நானும் ஒருத்தி. கட்டற்ற மென்பொருள் என்பது யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தக்கூடியது. அப்படி ஒன்றை எடுத்து, அதன் ஆங்கிலச் சொற்களை வரிவரியாகத் தமிழாக்கிக்கொண்டிருந்தோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கூடுவோம். மற்ற நாளெல்லாம் மின்னஞ்சல் குழுவில் சண்டை. ஒருவர் ஒரு கடிதம் எழுதினால் நாற்பது பேருக்கும் போகும், நாற்பது பேரும் கருத்துச் சொல்வார்கள். ஃபோல்டருக்கு அடைவு என்பதா, கோப்புறை என்பதா என்று பதினொரு நாள் அடித்துக்கொண்டோம். அதில் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோனது.

அந்தக் குழுவை மேய்த்தது நான். மட்டுறுத்துநர் என்று அழகான தமிழ்ச்சொல் ஒன்றை நாங்களே வைத்திருந்தோம். ஆனாலும் எல்லோரும் என்னை ‘மாடரேட்டர் அம்மா’ என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. அப்படிக் கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த இலவசக் குழுச் சேவை மூடப்படுகிறது, பழைய கடிதங்கள் எல்லாம் அழிக்கப்படும் என்று சில ஆண்டுகளுக்கு முன் அறிவிப்பு வந்தது. எனக்குப் பதைபதைத்துவிட்டது. குழு ஓய்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனால் இன்று எல்லோர் கைப்பேசியிலும் சாதாரணமாகப் புழங்கும் சில சொற்கள் எங்கள் சண்டையில் பிறந்தவை. அது அழியலாமா? நான்கைந்து சனிக்கிழமைகள் உட்கார்ந்து அத்தனை கடிதங்களையும் இறக்கி என் கணினியில் வைத்துக்கொண்டேன். அடுத்த மாதமே அந்தச் சேவை மூடிவிட்டது.

இறக்கியதைத் திறந்தால் ஒன்றும் படிக்க முடியவில்லை. அந்தக் காலத்துத் தமிழ் அப்படி. இன்று எல்லாக் கணினிக்கும் ‘அ’ என்றால் ஒரே எண். அன்று ஒவ்வொரு எழுத்துருவும் தனக்குத் தோன்றிய எண்ணை வைத்துக்கொண்டது. அந்த எழுத்துரு உங்களிடம் இல்லையென்றால், தலையில் தொப்பி வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நிற்கும். எங்கள் குழுவில் ஒரு பொது எழுத்துருவை முடிவு செய்து, எல்லோரும் அதில்தான் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தோம். ஆகவே பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புதிய எண்ணைப் போடும் சின்னக் கணினி நிரல் ஒன்றை எழுதினேன். ஆங்கிலத்தில் தொடங்கும் கடிதத்தை விட்டுவிடு, மற்றதையெல்லாம் மாற்று, பட்டியலில் இல்லாத எண் வந்தால் கேள்விக்குறி போடு. அவ்வளவுதான் அதற்கு நான் சொல்லிக்கொடுத்தது.

ஓடியது. இருபது முப்பது கடிதங்களைத் திறந்து பார்த்தேன், பெரும்பாலும் நான் எழுதியவைதான். எல்லாம் பளிச்சென்று தமிழில் இருந்தன. சந்தோஷத்தில், மாற்றுவதற்கு முந்தைய பழைய கோப்புகளை அழித்தேன். படிக்க முடியாத குப்பை எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்று நினைத்தேன். பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில், “பேக்கப் எடுத்தீங்களா?” என்று மற்றவர்களைக் கேட்டே சோறு தின்கிறவள் நான். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லித் தப்பிக்கலாம்தான், ஆனால் சறுக்கி விழுந்தது நான், அடிபட்டது வேறொருவர்.

கடிதங்களை ஒரு தளத்தில் ஏற்றினேன். பழைய நண்பர்கள் பாராட்டினார்கள். “வரலாற்றையே காப்பாத்திட்டீங்க அக்கா” என்று ஒருவர் எழுதினார். நானும் நம்பினேன்.

போன வருடம் ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள்.

“ஆன்டி, என்னை உங்களுக்குத் தெரியாது. கிள்ளான்ல இருந்து பேசுறேன். எங்கப்பா உங்க குரூப்ல இருந்தாரு லா. போர்ட்ல கிரேன் ஓட்டுவாரு.”

எனக்கு உடனே நினைவு வந்தது. கிள்ளான்காரர். அவர் பெயரைவிட அந்தப் பட்டம்தான் குழுவில் நிலைத்திருந்தது. கிரேன் வேலை ஞாயிற்றுக்கிழமையும் உண்டு என்று, அவரைக் குழுவில் சேர்த்துவிட்ட நண்பர் சொல்லியிருந்தார். பிரிக்பீல்ட்ஸுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. தானே செய்த ஓர் எழுத்துருவில் எழுதுவார். அதை எங்களுக்கும் அனுப்பினார், கணினியில் போட்டுக்கொள்ளத்தான். நாங்கள் போட்டுக்கொள்ளவில்லை. பொது எழுத்துருவுக்கு மாறுங்கள் என்று நான் நான்கைந்து முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் நீளமாகப் பதில் வரும், அதுவும் அவர் எழுத்துருவிலேயே. பிடிவாதக்காரர் என்று முடிவு கட்டினோம். நாங்கள் கணினி படித்தவர்கள், கிரேன் ஓட்டுகிற மனிதர் எழுத்துரு செய்கிறாராம் என்ற இளக்காரமும் எனக்கு இருந்தது.

“அப்பாக்கு ஸ்ட்ரோக் வந்து எட்டு மாசமாச்சு ஆன்டி. பேச்சு போயிருச்சு. அவரு எழுதினதை வாசிச்சுக் காட்டுனா நல்லதுன்னு தெரபிஸ்ட் சொல்றாங்க. வீட்டுல இருந்த கம்ப்யூட்டர் வெள்ளத்துல போயிருச்சு. உங்க சைட்ல அப்பா பேரைப் போட்டுப் பாத்தேன். நூத்துக்கு மேல லெட்டர் இருக்கு. ஆனா ஒண்ணும் புரியல, எல்லாம் கேள்விக்குறியா இருக்கு. நீங்க சரி பண்ணித் தருவீங்களா? அப்பா பேசினதுன்னு இனி அதுதான் இருக்கு.”

பார்க்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டு முதல் கடிதத்தைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. என் நிரல், அவர் எண்களைப் பொது எழுத்துருவின் எண்கள் என்று நினைத்து மாற்றியிருந்தது. பட்டியலில் இல்லாதவை கேள்விக்குறி ஆகியிருந்தன. எந்தக் கேள்விக்குறி முன்பு எந்த எழுத்தாக இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள். மாற்றிய பிறகு சரிபார்த்தபோது அவருடையதில் ஒன்றையாவது திறந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். திறக்கவில்லை. அன்றும் படிக்கவில்லை, காப்பாற்றுகிறேன் என்று கிளம்பியபோதும் படிக்கவில்லை.

தும்பை விட்டு வாலைப் பிடிக்க ஓடினேன். பழைய ஆட்களைத் தேடித் தேடிக் கேட்டேன். யாரிடமாவது அந்தக் காலத்து மின்னஞ்சல்பெட்டி இருக்காதா? பலர் முகவரியையே மாற்றிவிட்டிருந்தார்கள். ரவாங்கில் இருக்கும் ஒருவர் மட்டும் எதையும் தூக்கிப்போடாத மனிதர், அந்தக் கணினியையே இன்னும் வைத்திருந்தார். தேடிப் பார்த்துவிட்டு அழைத்தார்.

“அக்கா, மத்தவங்க லெட்டர் எல்லாம் இருக்கு. அவரோடது மட்டும் இல்ல.”

“எப்படி இல்லாம போகும் தம்பி?”

“நீங்கதானக்கா சொன்னீங்க, அவர்கிட்டேருந்து வந்தா நேரா குப்பைக்குப் போற மாதிரி ஃபில்டர் போடச் சொல்லி? நானும் போட்டேன்.”

நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அடித்துப் பேசினேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை, நல்ல மனிதர். போனை வைத்துவிட்டு என் தளத்திலேயே தேடினேன். இருந்தது. ‘திரையில் குப்பையாக வரும் கடிதங்களால் தொல்லைப்படும் அன்பர்களுக்கு’ என்று தலைப்பு. எந்த மெனுவைத் திறப்பது, எந்தக் கட்டத்தில் அவர் முகவரியைப் போடுவது, எதை அழுத்துவது என்று படிப்படியாக எழுதியிருந்தேன். ஒரு புள்ளிகூடக் கெடாமல் தெளிந்த தமிழில் இருந்தது.

அதை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். பொய் சொல்லவில்லை, மவுஸை அதன்மேல் கொண்டுபோய் வைத்துக்கொண்டு யோசித்தேன். ஆயிரக்கணக்கான கடிதங்களில் ஒன்று குறைந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? என் குடும்பத்தாருக்குக்கூடத் தெரிய வராது. பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அந்தக் கடிதம் இன்னும் தளத்தில்தான் இருக்கிறது.

ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. குழுவில் ஒருவருக்குப் பதில் எழுதினால் அவர் கடிதமும் கீழே ஒட்டிக்கொண்டு வரும். அதை வெட்டிவிட்டு உங்கள் பதிலை மட்டும் அனுப்புங்கள் என்பது எங்கள் வழக்கம். டெலிபோன் கம்பி வழியாக இணையம் சொட்டுச்சொட்டாக வந்த காலம், நீளக் கடிதம் எல்லோருக்கும் தொந்தரவு. வெட்டாதவர்களை நான் பெயர் சொல்லியே திட்டுவேன். என் திட்டுக்குப் பயந்து எல்லோரும் ஒழுங்காக வெட்டியிருந்தார்கள்.

ஒருவரைத் தவிர. பூச்சோங்கிலிருந்து புதிதாகச் சேர்ந்தவர், ஆங்கிலத்தில்தான் எழுதுவார். கிள்ளான்காரருக்குப் பதில் போட்ட அவர், கீழே இருந்ததை அப்படியே விட்டிருந்தார். கடிதம் ஆங்கிலத்தில் தொடங்கியதால் என் நிரல் அதைத் தொடவில்லை. கிள்ளான்காரரின் முகவரியைப் போட்டுத் தேடியபோது அதன் அடியில் கிடைத்தது, தொப்பி வைத்த எழுத்துகளோடு, கேள்விக்குறி விழாமல், முழுசாக.

அதைப் படிக்க அவர் எழுத்துரு வேண்டுமே என்று ஒரு கணம் திகைத்தேன். அது என்னிடமே இருந்தது. அவர் அனுப்பிய இணைப்பு, நான் அழிக்காத மற்றக் கோப்புகளோடு தனியாக இறங்கியிருந்தது. இரண்டு முறை தட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்பும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

கடிதம் இது:

‘குழுவினருக்கு வணக்கம். கோப்புகளைக் காட்டும் பகுதிக்குரிய சொற்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். மூன்றாவது முறையாக அனுப்புகிறேன். தப்பு இருந்தால் தப்பு என்று சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். பொது எழுத்துருவில் உங்கள் கடிதங்களைப் படிக்க முடிகிறது, ஆனால் அதில் எழுதத் தட்டினால் என் பழைய கணினி நின்றுவிடுகிறது. அதனால்தான் இதை நானே செய்தேன், வீம்பு எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் எழுத எனக்குக் கை வராது. மலாயில் எழுதலாம், ஆனால் தமிழ்க் குழுவில் மலாயில் எழுத மனசு வரவில்லை. கிரேனில் ஏறிவிட்டால் இறங்கும்வரை பேச ஆள் கிடையாது. மேலே உட்கார்ந்து சொற்களைத்தான் யோசித்துக்கொண்டிருப்பேன். இதை யாராவது படிக்கிறீர்களா? மாடரேட்டர் அம்மாவுக்கு வேலை அதிகம் என்று தெரியும். நேரம் கிடைக்கும்போது ஒரு வரி போட்டால் போதும்.’

அதற்கு மேலே பூச்சோங்காரரின் பதில், ஒரே வரி: மன்னிக்கவும், என்னால் படிக்க முடியவில்லை.

கோப்புகளைக் காட்டும் அந்தப் பகுதியை முழுக்கத் தமிழாக்கியது நான். ஐந்து மாதம் பிடித்தது. ஒத்தாசைக்கு ஒருவரும் வரவில்லை என்று குழுவில் புலம்பியிருக்கிறேன். மென்பொருளில் என் பெயர் இன்றும் இருக்கிறது.

மறு ஞாயிறு அந்தக் கடிதத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். ஒன்று கிடைத்தது என்று மட்டும் போனில் சொல்லியிருந்தேன். வரிசை வீடு. முன்னறையில், காற்றாடிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. நான் கற்பனை செய்து வைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். மகள் அவர் காதருகில் குனிந்து, “அப்பா, உங்க குரூப்பு மாடரேட்டர் ஆன்டி வந்திருக்காங்க” என்றாள். அவர் கண் என் முகத்துக்கு வந்து, அங்கேயே நின்றது.

வாசித்தேன். ஆரம்பத்தில் சத்தமாகத்தான் வாசித்தேன். ‘வீம்பு எதுவும் இல்லை’ என்ற இடத்தில் குரல் இறங்கிவிட்டது. ‘யாராவது படிக்கிறீர்களா’ என்ற வரியில் நிறுத்திவிட்டேன். மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு மிச்சத்தையும் வாசித்து முடித்தேன். அவர் காகிதத்துக்காக இடது கையை நீட்டினார். கொடுத்தேன்.

“மத்த லெட்டர்லாம் எப்ப ஆன்டி ரெடியாகும்?” என்று மகள் கேட்டாள்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததை விட்டுவிட்டு நேராகச் சொன்னேன்.

“இல்லம்மா. இனி வராது. நான்தான் அழிச்சிட்டேன். பாக்காம அழிச்சிட்டேன்.” அவர் பக்கம் திரும்பினேன். “அண்ணே, அப்பவும் நான் உங்களதைப் படிக்கல. யாரும் படிக்காத மாதிரி பண்ணுனதும் நான்தான். என்னை மன்னிச்சிருங்க.”

காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்து, மெல்ல அசைந்தது.

“சரி” என்றார்.

தெளிவாகச் சொன்னார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னேன். நெஞ்சில் இருந்த கல் இறங்கியது போல இருந்தது. விடைபெற்றுக்கொண்டு செருப்பை மாட்டும்போது, மகள் பின்னாலேயே வாசல் கேட் வரைக்கும் வந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

“ஆன்டி, தப்பா நினைக்காதீங்க. உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னு சொல்றேன். அப்பாக்கு இப்ப அந்த ஒரு வார்த்தைதான் வருது. சாப்பிட்டீங்களான்னு கேட்டாலும் அதையேதான் சொல்றாரு. வலிக்குதான்னு கேட்டாலும் அதேதான்.”