மோதிர கேக்கும் கோணல் ஏணியும்: நரிக்குடிப் பாதையில் தேர்தலுக்கு முன் ஒரு நாள்

அருப்புக்கோட்டையில் இறங்கி, திருச்சுழிக் கோவிலைப் பார்த்துவிட்டு, நரிக்குடிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கும் போய் ஒரே நாளில் திரும்ப முடியுமா என்று இந்த வலைப்பூவில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தாராளமாக முடியும். நாங்கள் அதே பாதையில் ஒரு தேர்தலையும் இரண்டு கேக்குகளையும் சேர்த்துச் சமாளித்துவிட்டுத் திரும்பியிருக்கிறோம். நடந்தது தொண்ணூறுகளின் நடுவில். நான் அப்போது பத்தாம் வகுப்பு, காலாண்டுப் பரீட்சை விடுமுறை. கட்டணமெல்லாம் அன்றைய கணக்கு, அதை வைத்து இன்று யாரும் கண்டக்டரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

அப்பா அருப்புக்கோட்டையில் கொத்தமல்லி, மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி வைத்திருந்தார். அம்மா பிறந்தது நரிக்குடிப் பாதையில் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சின்ன ஊர். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை, தேர்தல் கதை என்பதால். அதே ஊரில்தான் அப்பாவின் தங்கையையும் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அதனால் எனக்கு அங்கே இரண்டு மாமாக்கள். அம்மாவின் அண்ணன் மேலத்தெரு மாமா, அத்தையைக் கட்டியவர் கீழத்தெரு மாமா. அந்த வருஷம் இரண்டு பேரும் ஊராட்சித் தலைவர் பதவிக்கு எதிரெதிரே நின்றார்கள்.

மேலத்தெரு மாமா டவுனுக்கு வந்தால் எங்கள் வீட்டில் சாப்பிடாமல் பஸ் ஏறியதே கிடையாது. மனுத் தாக்கல் செய்த பிறகு அவர் வரவில்லை. அப்பா தன் தங்கை வீட்டுக்காரருக்காக ரகசியமாக வேலை பார்க்கிறார் என்று யாரோ புண்ணியவான் அவர் காதில் ஓதியிருந்தான். அப்பாவைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். நாலு திசையிலிருந்தும் விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் மூட்டை கொண்டுவருகிற மண்டியில் அவர் எந்தப் பக்கமும் தலையாட்டியவர் இல்லை. ஆனால் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"நான் நேர்ல போயி நிக்கிறேன். எங்கண்ணன் என்னைய வான்னு கேக்கட்டும். கேக்கலைன்னா இனிமே அந்த ஊர்ல எனக்கு என்ன இருக்கு."

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் வாசலில் வந்து நிற்பவரை "வா" என்று கேட்க வேண்டும். கையில் என்ன வேலை இருந்தாலும் முதலில் அதைக் கேட்டுவிட வேண்டும். கேட்காவிட்டால் வந்தவர் படி ஏற மாட்டார், அப்படியே திரும்பிவிடுவார். சண்டை போட்டவர்கள் பொங்கலுக்குள் சேர்ந்துவிடுவார்கள். வா என்று கேட்காத வீட்டோடு சேர்வதற்குத் தலைமுறை ஆகும்.

அப்பா மண்டிக்காரர் புத்தியோடு ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கும் போவது, இரண்டு வீட்டுக்கும் ஒரே அளவு பழம், ஒரே அளவு பூ. லீவு விட்டதிலிருந்து சும்மா இருந்த நான், கேக் என் பொறுப்பு என்றேன். தெருவில் கேக் சுடத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். எங்களிடம் அலுமினியத்தில் வட்டமான கரண்ட் அடுப்பு ஒன்று இருந்தது. தெரு முழுக்க விசைத்தறி ஓடுவதால் வார நாட்களில் வோல்டேஜ் கிடைக்காது, கேக்கின் நடுப்பகுதி வேகாமல் களியாக நிற்கும். அதனால் தறிகளுக்கு லீவு விடுகிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, நடுவில் குழாய் வைத்த அச்சில் ஊற்றினேன். நடு என்று ஒன்று இருந்தால்தானே வேகாமல் போகும். இரண்டு கேக்கும் வளையமாக, பொன்னிறமாக வந்தன. ஒவ்வொன்றின் மேலும் பெரிய சிவப்பு செர்ரி ஒன்று பதித்தேன். அப்பா இரண்டையும் மண்டித் தராசில் ஏற்றி, கனமாக இருந்த கேக்கின் அடியில் கொஞ்சம் சுரண்டி முள்ளை நேராக்கினார்.

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு பஸ். திருச்சுழிக்குப் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம், ஆளுக்கு மூன்று ரூபாய்க்குள் டிக்கெட். வலது பக்க ஜன்னலோரம் உட்காராதீர்கள், போகப் போக வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கும். வழியெல்லாம் மழைக்கு உழுதுபோட்ட கரிசல், அது முடிந்தால் சீமைக்கருவேலம், பிறகு மறுபடியும் கரிசல். சுவர்களில்தான் அன்றைக்குப் பச்சையும் நீலமும். ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. அதனால் ஓர் ஊரில் சீப்பு, அடுத்த ஊரில் பூட்டு, அதற்கடுத்த ஊரில் மூக்குக்கண்ணாடி. சீப்புக்காரர் வந்தால் தண்ணீர் வருமா, பூட்டுக்காரர் வந்தால் ரோடு வருமா என்று ஒவ்வோர் ஊருக்கும் நான் மனதுக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டே போனேன். ஓட்டுப் போட வயசு வராதவர்களுக்குத்தான் அரசியலில் இவ்வளவு தெளிவு இருக்கும். எங்கள் மாமாக்களின் சின்னம் மட்டும் எனக்குத் தெரியாது. சின்னம் ஒதுக்கிய பிறகு அந்த ஊரிலிருந்து ஒருவரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லையே.

திருச்சுழியில் திருமேனிநாதர் கோவிலுக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கல் குளிர்ச்சியாக இருக்கும், சீக்கிரம் வெளியே வர மனசு வராது. முட்டை போட்ட பண்டத்தை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால் கேக் டப்பாக்களை வாசல் பூக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனோம். குண்டாற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். சந்நிதியில் எனக்கு மார்க் வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அம்மா என்ன வேண்டினாள் என்று கேட்கவே தேவையில்லை.

அடுத்த பஸ்ஸின் கண்டக்டர் நாங்கள் போகிற ஊரின் பெயரைக் கேட்டதும், எந்த வேட்பாளர் வீட்டுக்கு என்றார். இரண்டு வீட்டுக்கும் என்றார் அப்பா. கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பாத்துப் போங்கண்ணே என்று மட்டும் சொன்னார். இறங்கி, கண்மாய்க் கரையில் இரண்டு கிலோமீட்டர் நடை. செருப்பு கட்டாயம், கருவேல முள் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காது.

கரை இறங்கியதும் கீழத்தெருதான் முதலில் வரும். அத்தை வாசலிலேயே வாங்க மதினி, வாங்க அண்ணே என்று வாய் நிறையக் கேட்டாள். கீழத்தெரு மாமா டப்பாவைத் திறந்து கேக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கையை நீட்டிச் சுவரைக் காட்டினார். ஆளுயரத்துக்கு ஒரு மோதிரம் வரைந்திருந்தது. மஞ்சள் வளையம், உச்சியில் ஒரு சிவப்புக் கல்.

"மச்சான், நீங்க வாயத் தொறக்காட்டியும் மனசு எங்க இருக்குன்னு காட்டிட்டீக" என்றார் மாமா. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்பா, அது வெறும் கேக்குதான் மாப்ள என்று மூன்று தடவை சொன்னார். யார் காதிலும் ஏறவில்லை. அதற்குள் நாலு இளவட்டங்கள் என் கேக்கைத் தாம்பாளத்தில் ஏற்றித் தெருவில் கொண்டுபோய்விட்டார்கள். அருப்புக்கோட்டை மண்டிக்காரர் வீட்டிலிருந்தே மோதிரம் வந்தாச்சு என்ற சத்தம் எங்களுக்கு முன்னாலேயே மேலத்தெருவுக்கு நடந்தது. அம்மா வாங்கிய காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

பாதி வழியில் அடிபம்பு பக்கத்தில் நின்றோம். பையில் இன்னொரு மோதிரம், எடை மாறாமல், செர்ரியோடு. இதை இங்கேயே யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார் அப்பா. அண்ணன் வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா என்றாள் அம்மா. அப்போது எதிர்ச் சுவரில் மேலத்தெரு மாமாவின் சின்னத்தைப் பார்த்தேன். ஏணி.

அந்த வயதில் என்னால் ஆகாத காரியம் எதுவும் கிடையாது. பெட்டிக்கடையில் வெள்ளரிக்காய் அறுக்கிற கத்தியை வாங்கி, கேக்கை வெட்டி, நீளமான இரண்டு துண்டுகளை ஓரத்திலும், குட்டைத் துண்டுகளை நடுவில் படிகளாகவும் அடுக்கினேன். வளையத்திலிருந்து வந்ததால் ஏணி இரண்டு பக்கமும் வயிறு தள்ளி நின்றது. பரவாயில்லை, சின்னம் தெரிந்தது. செர்ரி சாட்சி சொல்லிவிடக் கூடாது என்று அதை நானே விழுங்கினேன்.

மேலத்தெரு மாமா வீட்டு முன்னால் பந்தல். பெஞ்சில் பத்துப் பேர், நடுவில் மாமா. எங்களைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார். வீட்டுக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த மாமாவின் மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றாள். அம்மா பந்தலுக்கு வெளியே நின்றாள். நடு மத்தியானம், தலைக்கு மேல் நல்ல வெயில். அவள் பிறந்த வீட்டு வாசலில் அவளை யாரும் வா என்று கேட்கவில்லை. எனக்கு மாமா மேல் கோபம் கோபமாக வந்தது.

சின்னப் பிள்ளைக்கு அழைப்புத் தேவையில்லை என்று நானே தீர்மானித்துக்கொண்டு உள்ளே நுழைந்து டப்பாவை மாமா முன்னால் திறந்தேன். "ஏணி, மாமா" என்றேன்.

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வந்து குனிந்தார்கள். என்ன இது வளைந்திருக்கிறதே என்றார் ஒருவர். இன்னொருவருக்குப் புரிந்துவிட்டது. "ஏலே, மோதிரத்த வெட்டி ஏணி பண்ணிருக்காகடா" என்றார். பந்தலே சிரித்தது. தாம்பாளம் எங்கே, கீழத்தெரு வரைக்கும் கொண்டுபோகணும் என்று ஆளாளுக்குப் பரபரத்தார்கள். மாமாவும் சிரித்தார். ஜெயித்துவிட்டோம் என்று பெருமையாகத் திரும்பினால், அம்மா நின்ற இடத்திலேயே நிற்கிறாள். மாமா ஏணியைப் பார்த்துத்தான் சிரித்திருந்தார். அவளை இன்னும் கேட்கவில்லை.

"கொண்டா அத" என்றாள் அம்மா.

நான் டப்பாவை வெளியே கொண்டுபோனேன். அம்மா ஏணியைப் படி படியாகப் பிய்த்தாள். சுற்றி நின்ற பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துண்டு. தாம்பாளத்தோடு வந்தவர் கையிலும் ஒரு துண்டை வைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏணி போய் வெறும் கேக் ஆயிற்று. கடைசித் துண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, பந்தலுக்கு வெளியே நின்றபடியே நீட்டினாள்.

"அண்ணே, நான் ஏணிக்கும் வரல, மோதிரத்துக்கும் வரல. இது ஒம் மருமக சுட்டது. திங்கிறதுன்னா வாங்கித் தின்னு."

மாமா எழுந்தார். நடந்துவந்து அம்மா கையிலிருந்து துண்டை வாங்கினார். ஆனால் வாயில் போடவில்லை.

"வெயில்ல நிக்கிறியே தாயி. உள்ள வா" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "வாங்க மாப்ள."

அம்மா உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். பிறகு எழுந்து, குழம்பில் உப்புக் குறைச்சல் என்று சொல்லிக்கொண்டே இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். கீழத்தெருவில் அரை மணி இருந்தவர்கள் மேலத்தெருவில் மூன்று மணி நேரம் இருந்தோம். அப்பாவின் தராசு அன்றைக்குச் சாய்ந்துவிட்டது.

இனி போகிறவர்களுக்கு. காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் திருச்சுழியைப் பதற்றமில்லாமல் பார்க்கலாம், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். திரும்பும்போது கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள், அதற்கு முந்தைய பஸ்ஸை நம்புங்கள். தேர்தல் நேரமாக இருந்தால் போகிற ஊரின் சின்னங்களை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கேக் கொண்டுபோனால் வீட்டிலேயே துண்டு போட்டுவிடுங்கள். ஊராட்சி அரசியல் பற்றி அன்று பஸ்ஸில் நான் எழுதிய தீர்ப்புகளை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர: ஓட்டுக் கேட்டு வருகிறவரை விட, நம்மை வா என்று கேட்கிறவரைத்தான் நான் நம்புவேன்.

தேர்தலில் கீழத்தெரு மாமா ஜெயித்தார். அந்தத் தீபாவளிக்கு மேலத்தெரு மாமா சீர் கொண்டுவருவாரா என்று வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. முந்தின நாள் கதவு தட்டுகிற சத்தம் கேட்டு நான்தான் போய்த் திறந்தேன். கையில் துணிப்பையோடும் வாழைத்தாரோடும் மாமா நின்றிருந்தார். எத்தனையோ தடவை குரல் கொடுத்துக்கொண்டே நேராக அடுப்படி வரைக்கும் போகிறவர், அன்றைக்கு வாசலுக்கு வெளியிலேயே நின்றார். தாரின் கனத்தில் தோள் சாய்ந்திருந்தது, இறக்கிவைக்கவும் இல்லை. எதற்காக நிற்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வாங்க மாமா" என்றேன்.

மாமா செருப்பைக் கழற்றினார்.