கடலைக்கொல்லைக்கு வந்த கரிச்சான்கள்

அத்தையின் கொல்லையில் மரம் வெட்டப் போகிறார்கள் என்று கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பது வயதில் மரம் சாய்வதைவிடப் பெரிய வேடிக்கை வேறென்ன? ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு அப்பா, பெரியப்பா, நான் மூவரும் தாம்பரத்தில் ரயிலேறினோம்.

அத்தை இரும்புலியூரில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடுவாஞ்சேரிக்கு உள்ளே தள்ளி அவர் பங்குக்கு வந்த ஒரு ஏக்கரில் கடலை போட்டு, வரப்போரம் புங்கனும் நாவலும் நீர்மருதும் வளர்த்திருந்தார். "சவுக்கு வெச்சிருந்தாலாவது ஒரு அர்த்தம் இருக்கு" என்பார் பெரியப்பா. நிழலில் தன் பயிர் கெடுகிறதென்று பக்கத்து நிலத்துக்காரர் புகார் சொன்னதும், பெரியப்பாவே மிஷின் ரம்பத்தோடு ஆளை வரச்சொல்லிவிட்டார்.

அத்தை எங்களுக்கு முன்பே வந்து வரப்பில் நின்றிருந்தார். போய்ச் சேர்ந்தால், பக்கத்துக் கொல்லை முழுக்கப் புழு. இலைகளெல்லாம் சல்லடை. அத்தையின் செடிகளோ பச்சைப்பசேலென்று நின்றன. மருத மரக் கிளைகளில் கரிச்சான்கள் வரிசையாக உட்கார்ந்து, சரேலென்று செடிக்குள் பாய்ந்து, புழுவோடு கிளைக்குத் திரும்பின. கீழே மைனாக்கள் கூட்டம். நான் குதித்துக் குதித்து எண்ணினேன். ஒன்றை எண்ணுவதற்குள் மூன்று பறந்தன!

"ஆரம்பிக்கட்டா சார்?" என்றார் ரம்பக்காரர்.

அதற்குள் பக்கத்து நிலத்துக்காரர் வரப்பில் ஓடிவந்தார். "வேணாங்க டீச்சரம்மா, வெட்டாதீங்க! ரெண்டு தபா மருந்து அடிச்சும் எனக்குப் புழு போவல. குருவிங்க பூரா உங்க மரத்துலதான் குந்திகினு கீது. எனக்கும் நாலு கன்னு குடுங்க, நட்டுக்கிறேன்."

பெரியப்பா "இன்னைக்கு வேணாம்பா" என்று ஆளை அனுப்பிவிட்டார். மரம் சாயாத ஏமாற்றம் எனக்குத் துளியும் இல்லை. "ஜெயிச்சிட்டோம் அத்தை!" என்று கத்திக்கொண்டே கொல்லையைச் சுற்றிச்சுற்றி ஓடினேன். அப்பா என்னைத் தோளில் தூக்கி, கிளையிலிருந்த கூட்டைக் காட்டினார்.

அத்தை மட்டும் வரப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ஜெயித்தவர்கள் எதற்கு அழவேண்டும்? எனக்கு விளங்கவில்லை.

மரங்கள் போனதும் அந்த நிலத்தை மனை போட்டு விற்கப் பெரியப்பா ஏற்கெனவே பேசி முடித்திருந்தார். அத்தையிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை; அவராகவே எப்படியோ தெரிந்துகொண்டிருந்தார். என்னைத் தோளில் சுமந்து நின்ற அப்பாவுக்கும் அது தெரிந்திருந்தது என்பது, நான் வளர்ந்து வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.