காருக்குக் காய்ச்சிய தண்ணீர்

வெள்ளை பெயின்ட் அடித்த தகரக் கேன் அது. நாலைந்து போத்தல் தண்ணீர் பிடிக்கும். அதன் வயிற்றில் சிவப்பு எழுத்தில் ‘காருக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தது. எழுதியவர் என் சித்தப்பா, எழுதச் சொன்னவர் தொரை. தேயிலைத் தோட்டத்து மானேஜரை நாங்கள் தொரை என்றுதான் சொல்வோம். வெள்ளைக்காரர்கள் போய்ப் பல வருடமாகியும் அந்தப் பெயர் அந்தக் கதிரையை விட்டுப் போகவில்லை. தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் சித்தப்பா அவருடைய கார் டிரைவர். அப்பாவின் கடைசித் தம்பியான அவர், தொழிலாளர்களின் ஒற்றையறை வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்தில் எங்களோடுதான் குடியிருந்தார்.

கேன் வந்த கதையைச் சொன்னால் உங்களுக்கும் கோபம் வரும். கண்டிக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஏற்றத்தில் கார் கொதித்து நின்றது. டவுன் கராஜில் ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தார்களாம், உள்ளே முழுக்கச் செம்மண். ஓடைத் தண்ணீரை ஊற்றினால் அப்படித்தான் ஆகும் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து தொரையின் கட்டளை: பங்களா குசினியில் காய்ச்சி, தெளியவைத்து, துணியில் வடித்த தண்ணீரைத்தான் காருக்கு ஊற்ற வேண்டும், டிக்கியில் எப்போதும் ஒரு கேன் நிறைந்திருக்க வேண்டும். நல்ல யோசனைதான். ரேடியேட்டருக்குள் இருப்பவை மெல்லிய குழாய்கள், சேறு அடைத்தால் தண்ணீர் ஓடாது, என்ஜின் சூடேறிவிடும். ஆனால் அதே ஓடைத் தண்ணீர்தான் பீலிக் குழாய் வழியாக எங்கள் லயத்துக்கும் விழுந்தது. அதைத்தான் குடித்தோம். எங்கள் பிள்ளைகளின் குடல் மட்டும் என்ன இரும்பிலா செய்திருந்தது?

வடிகட்டும் தொட்டி ஒன்று கட்டித் தாருங்கள் என்று லயத்துக்காரர்கள் எத்தனை முறை ஆபீஸ் வாசலில் நின்றிருப்பார்கள்! “பார்க்கலாம், பார்க்கலாம்.” அவ்வளவுதான் பதில். தோட்டத்து மருந்துக்காரர் தன் பங்குக்கு, “காய்ச்சிக் குடிங்க” என்பார். எதை வைத்துக் காய்ச்சுவது? பங்களாவுக்கு விறகு லொறியில் வந்து இறங்கும். மலையில் கொழுந்து பறித்துவிட்டு இருட்டும் நேரத்துக்கு வரும் அம்மாவுக்குக் கிடைப்பதெல்லாம் தேயிலைச் செடியில் கவ்வாத்து வெட்டிய ஈரக் குச்சி. அதில் சோறு வேகவே கண் எரிந்து போகும்.

அந்த வருட மழையில் பீலித் தண்ணீர் பிளேன்டீ நிறத்தில் விழுந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் கண்டது. எங்கள் லயத்தின் மூன்றாம் காம்பராவில் இரண்டு வயதுப் பெண் குழந்தை செத்துப் போனது. அதைப் புதைத்துவிட்டு வந்த அன்றே என் தம்பிக்கும் ஆரம்பித்தது. நாலு வயது. சாயங்காலம் சித்தப்பா அந்தக் கேனோடு வீட்டுக்குள் வந்து நின்றார். அம்மா பதறிப்போனாள்.

“ஐயோ, இது தொரையோட கார் தண்ணியாச்சே! வேலைக்கே ஒல வச்சிக்கிறாதீங்க தம்பி.”

“காருக்கு நான் வேற வழி பண்ணிக்கிறேன் அண்ணி. நீங்க மொதல்ல புள்ளைக்கு ஊத்துங்க.”

வேறு வழியைப் பண்ணிக்கொள்ளவும் செய்தார். பீலித் தண்ணீரைப் பிடித்து வைத்து, வண்டல் இறங்கிய பிறகு, பழைய வேட்டியை நாலாய் மடித்து வடித்து ரேடியேட்டருக்கு ஊற்றினார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ஜின் ஆறிய பிறகு, மேல் குழாயையும் கீழ்க் குழாயையும் கழற்றி, கீழிருந்து மேலாகத் தண்ணீரைப் பாய்ச்சுவார். சிவப்பாக வருவது தெளியும்வரை விடமாட்டார். ஓட்டும்போது சூடு காட்டும் முள் ஏறினால் ஹீட்டரைத் திறந்துவிடுவாராம். என்ஜின் சூடு கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும். தொரை பின்னால் உட்கார்ந்து, காரணம் தெரியாமல் வியர்த்துக் கொட்டுவாராம். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் சந்தோஷம்தான்.

மூன்று வாரம், பங்களாவில் தினமும் கேனில் நிரப்பிய அந்தத் தண்ணீரை லயத்துப் பிள்ளைகள் நாங்கள் ஆளுக்கொரு டம்ளர் குடித்தோம். தம்பி பிழைத்தான். வேறு பிள்ளை எதுவும் சாகவில்லை.

பிறகு ஒருநாள் கலஹா தாண்டி ஏற்றத்தில் கார் புகைந்தது. மண் அல்ல காரணம், ரேடியேட்டரின் ரப்பர் குழாய் பழசாகி வெடித்திருந்தது. உள்ளே தொரையும் விருந்தாளிகளும், முன்னால் பங்களா சமையல்காரர். அவர்தான் வந்து எங்களுக்குச் சொன்னார். சித்தப்பா சைக்கிள் டியூப் துண்டை வெடிப்பின் மேல் இறுக்கிச் சுற்றிக் கம்பியால் கட்டினார். ஆறும்வரை பொறுத்து, மூடியின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மெதுவாகத் திறந்தார். அதற்குள் தொரை டிக்கியைத் திறந்து கேனைத் தூக்கியிருக்கிறார். கேன் காற்றாய் லேசாக வந்தது.

“தண்ணி எங்க?”

“லயத்துப் புள்ளைங்க குடிச்சிருச்சுங்க தொரை.”

பொய் சொல்லியிருக்கலாம். ஒழுகிவிட்டது என்றால் முடிந்தது. சொல்லவில்லை. பத்தடி தள்ளியிருந்த ஓடையில் அள்ளி, சட்டையைக் கழற்றி வடித்து ஊற்றி, காரைப் பத்திரமாகப் பங்களா சேர்த்தார். காருக்கு ஒரு கீறல் இல்லை. ஆனாலும் விசாரணை வைத்தார்கள். பங்களாப் பொருளைத் திருடினாராம்! தண்ணீரை! டிரைவர் வேலையைப் பிடுங்கி, கையில் மண்வெட்டியைக் கொடுத்து மலைக்கு அனுப்பினார்கள். கேனுக்குப் பூட்டுப் போட்டார்கள். பிள்ளைகள் ஏன் குடித்தார்கள் என்று அந்த விசாரணையில் ஒருவர், ஒரே ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கார் மறுபடி வழியில் நின்றபோது, வெட்கமே இல்லாமல் மலைக்கு ஆள் அனுப்பிச் சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். அவரும் போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டு மண்வெட்டிக்கே திரும்பினார். எனக்கு அவர் மேலும் கோபம். “ஏன் போனீங்க?” என்று சண்டை பிடித்தேன்.

“காரு என்ன பாவம் பண்ணிச்சு, புள்ள?” என்றார்.

இப்போது நான் குண்டசாலையில் இருக்கிறேன், எனக்கென்று ஒரு சின்னக் காரும் இருக்கிறது. போன மாதம் தெல்தோட்டையில் ஒரு மரண வீட்டுக்குப் போகும் வழியில், மழை விட்ட நேரம், முள் மேலே ஏறிவிட்டது. ஓரம்கட்டி, பொனட்டைத் திறந்து, ஆறட்டும் என்று காத்திருந்தேன். எதிரே லயம். அங்கிருந்து ஒரு பெண் இடுப்பில் பிள்ளையும் கையில் ஒரு பிளாஸ்டிக் போத்தலுமாக வந்தாள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

“பீலித் தண்ணிதானே தங்கச்சி?” என்று கேட்டேன்.

“இல்லக்கா. பீலித் தண்ணி கலங்கிக் கெடக்கு, அது காருக்கு ஆகாதுல்ல. இது காய்ச்சி ஆறவச்சது. புள்ளைக்கு வச்சிருந்தேன், நீங்க ஊத்திக்கங்க.”

இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதே பீலி, அதே செம்மண். அவளுடைய போத்தலில் எழுத்து எதுவும் இல்லை, யாரும் எழுதிவைக்கத் தேவையில்லாமலே அவளாகக் கொண்டுவந்து நீட்டுகிறாள். போத்தலை வாங்கி மூடியைத் திறந்து, இடுப்பிலிருந்த பிள்ளைக்கே புகட்டினேன். காரில் கிடந்த வெற்றுப் போத்தலோடு பீலிக்குப் போனேன். என் சேலைத் தலைப்பை நாலாய் மடித்து வடித்துப் பிடித்தேன்.

“ஐயோ, கார் கெட்டுப் போகாதாக்கா?” என்றாள்.

“கெட்டுப் போகட்டும்” என்றேன்.