அண்ணன் தூக்கிய மூன்று பந்துகள்

மூன்று வருடங்களுக்கு முந்தைய மழைக்காலம். பல ஊர் சுற்றிவிட்டு மறுபடியும் வேலை தேடி மும்பைக்கு வந்திருந்தேன். செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் ஆட்டோ வரிசையில் ஒருவர், "சீத்தா கேம்ப், சீத்தா கேம்ப்" என்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாலு தடவை கூப்பிடுவார், நின்று மூச்சு வாங்குவார், மறுபடி கூப்பிடுவார். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"தம்பி, அடையாளம் தெரியலையா? ஆஸ்பத்திரியில உங்க அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டில்."

தெரிந்தது. பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

என் அண்ணன் தாராவியில் அலுமினியம் உருக்கும் பட்டறையில் வேலை பார்த்தவன். இருமலுக்கு டிபி என்று ஐந்து மாதம் மாத்திரை சாப்பிட்டான். எங்கள் பக்கம் யார் இருமினாலும் முதலில் அதைத்தான் நினைப்போம். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் நுரையீரல் கேன்சர் என்றார்கள். ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது, அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிடலாம் என்றும் சொன்னார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் மூச்சுப் பயிற்சிக்காக ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார்கள். குழாயில் மூச்சை இழுத்தால் உள்ளே இருக்கும் மூன்று பந்துகள் ஒவ்வொன்றாக மேலே எழும்பும். அண்ணன் மூன்றையும் தூக்குவான். பக்கத்துக் கட்டில்காரரை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்கு ஒன்றுதான் எழும்பும்.

"ஓய் பாய், உம்ம லிஃப்ட் முதல் மாடியிலயே நின்னுட்டு" என்பான் அண்ணன். பாய் சிரிப்பார், சிரித்ததற்கு ஐந்து நிமிடம் இருமுவார்.

திங்கட்கிழமை ஆபரேஷன். சனிக்கிழமையே நான் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கத்தி பட்டால் கேன்சர் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று எங்கள் சந்தில் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். ஏழாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் ஊர் சுற்றியவன் என்பதால் என் பேச்சுக்கு அண்ணனிடம் மதிப்பு இருந்தது. நல்ல மூலிகை வைத்தியர் ஒருவரைத் தெரியும் என்றேன். "நீ சொன்னா சரிதாம்லே" என்று பையை எடுத்துக்கொண்டான்.

வைத்தியர் ஊரில் அறை எடுத்துத் தங்கினோம். அண்ணன் அந்த டப்பாவையும் கொண்டுவந்திருந்தான். தினமும் காலையில் இழுத்துப் பார்ப்பான். கொஞ்ச நாள் மூன்று பந்து. பிறகு இரண்டு. பிறகு ஒன்று. அதுவும் எழும்பாத ஒரு வாரத்தில் போய்விட்டான்.

"அண்ணன் எப்படி இருக்காரு?" என்று பாய் கேட்டார்.

"நல்லா இருக்கான் பாய். ஊர்ல இருக்கான்."

எப்படி அந்தப் பொய் வந்தது என்று தெரியவில்லை. இந்த ஒரு மனிதரின் நினைப்பில் அண்ணன் இன்னும் உயிரோடு இருந்தான். அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

"மூணும் மேல போகுதாமா?"

"போகுது."

பாய் சந்தோஷமாகத் தலையாட்டினார். "என் லிஃப்ட் இன்னும் முதல் மாடிதான். ஆனா ஓடுது." வருடா வருடம் செக்கப்புக்குப் போவாராம். பழைய கேஸ் என்று சின்ன டாக்டர்களுக்கு அவரைக் காட்டுவார்களாம். "எனக்கு முதுகுல இருந்து நெஞ்சு வரைக்கும் கீறுனாங்க. இப்ப பாதிப் பேருக்கு சின்ன ஓட்டை போட்டே எடுத்துடுறாங்க தம்பி. நாலு நாள்ல நடந்து போறான். அப்ப செக்கப்புக்கு நாங்க ரெண்டு மூணு பேரு உக்காந்திருப்போம். இப்ப போனா பிழைச்சவங்க கூட்டத்துல பெஞ்சுல இடம் இல்ல."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "பாய், அண்ணன் இல்ல. நான்தான் கூட்டிட்டுப் போயிட்டேன்" என்றேன்.

நிறைந்திருந்த ஒரு ஆட்டோவைத் தட்டி அனுப்பினார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும்தான் சொன்னாங்க, கத்தி பட்டா பரவும்னு. பயந்து ஓடத்தான் பார்த்தேன். கூட்டிட்டுப் போக எனக்குத் தம்பி இல்ல."

அந்த டப்பா இன்னும் என் பையில் இருக்கிறது. போகிற ஊரில் யாராவது ஆபரேஷன் வேண்டாம் என்று சொன்னால், எடுத்துக் காட்டி இந்தக் கதையைச் சொல்கிறேன். நான் இழுத்தால் மூன்று பந்தும் மேலே போகின்றன. ஒரே ஒரு பந்தைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டாவது அண்ணன் எங்காவது இருந்திருக்கக் கூடாதா என்றுதான் ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.