நஜ்மாவுக்கு எந்தக் கல்லூரி?

இரண்டு மாதமாக ஒரு விஷயத்தை இங்கே எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன். எழுதினால் என் பொய் வெளியே வந்துவிடும். போகட்டும்... உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லப் போகிறேன்?

என் மகள் நஜ்மா பத்தாம் வகுப்பு தேறிவிட்டாள்; இங்கே பர்மாவில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு அதுதான். படித்தால் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்தான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இடம் இரண்டு இருந்தது. ஒன்று, யாங்கோனுக்கு வெளியே இருக்கிற அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி. நாங்கள் குடியிருக்கும் பசுந்தாங் பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வர முடியாத தூரம். விடுதியில்தான் தங்க வேண்டும். இன்னொன்று, டவுனில் புதிதாகத் திறந்த தனியார் கல்லூரி. எங்கள் ஃப்ளாட்டிலிருந்து நாலே ஸ்டாப்! வெளிநாட்டு டிப்ளமோ, ஏசி வகுப்பு, பளபளவென்று புரோஷர்.

நான் தனியார் கட்சி. இங்கிலீஷில் பாடம், சிங்கப்பூரில் வேலை என்று கேட்டவர்களிடமெல்லாம் காரணம் அடுக்கினேன்.

உண்மைக் காரணம்? மனைவி மௌத்தாகி மூன்று வருடம். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால், ‘வந்துட்டீங்களா?’ என்று கேட்க ஒரு குரல் வேண்டும். அவ்வளவுதான். இதை எந்தப் புரோஷரில் போடுவார்கள்?

அந்தக் கல்லூரிக்கு இருவரும் போனோம். வரவேற்பறைப் பெண் என்னை ‘ஊலே’ என்று பர்மியத்தில் மாமா முறை வைத்து அழைத்து, ஜூஸ் கொடுத்தாள். சுற்றிக் காட்டினாள். ஒரு கம்ப்யூட்டர் அறை. பிறகு, இன்னொரு கம்ப்யூட்டர் அறை.

“வொர்க்‌ஷாப் எங்கேக்கா?” என்றாள் நஜ்மா.

“அடுத்த வருஷம் வந்துரும்மா.”

“ஒரு லேத் மெஷினாவது...?”

“எல்லாம் கம்ப்யூட்டர்லயே காட்டிருவோம்!”

நஜ்மாவின் முகம் வாடியது. அதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, “எவ்வளவு வசதி பாரு!” என்றேன்.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: “இங்கயே சேந்துக்கிறேன், அத்தா.”

“பிடிச்சிருக்கா?”

“நீங்க ஒத்தையில கிடப்பீங்கள்ல.”

நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். நான் மறைத்ததாக நினைத்தது அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது! தெரிந்தே தலையாட்டியிருக்கிறாள்... எனக்காக. வெட்கமாக இருந்தது.

“அரசாங்கக் காலேஜுக்கு எப்பம்மா கடைசி நாள்?”

“நாளான்னைக்கு.”

“நாளைக்கே போவோம்.”

“அத்தா, உங்களுக்குச் சோறு...?”

“எனக்கு ஆக்கத் தெரியும்” என்றேன். அதுவும் பொய்தான்.

இடம் கிடைத்தது. அவளை விடுதியில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் என் பையை வைத்துக்கொண்டேன். யாரோ வந்து உட்காரக் கேட்டபோது, எடுக்க மனம் வரவில்லை. எடுத்தேன். வீட்டுக்கு வந்தும் கொஞ்ச நேரம் செருப்பைக் கழற்றாமல் நின்றிருந்தேன். எதற்கென்று கேட்காதீர்கள்.

போன ஞாயிறு எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே இருக்கிற கடை ஃபோனுக்கு அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

“அத்தா! இந்த வாரம் நானே லேத் ஓட்டினேன்! வாத்தியார் திட்டிக்கிட்டே சொல்லித் தர்றார்.” குரலில் அப்படி ஒரு துள்ளல். அந்தத் துள்ளலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

“வேற ஒண்ணும் கஷ்டமில்லையேம்மா?”

“இல்லவே இல்ல. வீட்டு நெனப்பே வரல, அத்தா!”

சந்தோஷப்பட வேண்டியதுதானே? பட்டேன். பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்று தினமும் துஆ கேட்கிறேன்.

கூடவே, ‘வாரத்துக்கு ஒரு தடவை வீட்டு நெனப்பையும் கொடு’ என்று கேட்டால் தப்பா என்ன?