தங்கக் கால்

இன்று மட்டாஞ்சேரி நகைக்கடை ஒன்றில் நானும் என் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

மகள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கால் முறிந்தபோது, அவள் எழுந்து நடந்தால் மாரியம்மனுக்குத் தங்கத்தில் சின்னக் கால் செய்து வைப்பதாக இவர் வேண்டிக்கொண்டார். இப்போது ஊன்றுகோலுடன் நடக்கிறாள். ஆனால் இவர் சட்டைப்பையில் இருந்தது அவளுடைய பிசியோதெரபிக்கு எடுத்துவைத்த பணம்.

"வெள்ளியில வாங்கலாங்க. அம்மன் கோவிச்சுக்க மாட்டா."

"வாக்கு குடுத்தது நானாக்கும். நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆனா நீ தாங்குவியா செல்வி?"

எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனாலும் விடவில்லை.

"அவ நல்லா நடக்கணும்னுதானே வேண்டினீங்க? இந்தக் காசை எடுத்தா எப்படி நடப்பா?"

இவர் கண் சிவந்துவிட்டது. கத்தப்போகிறார் என்று நினைத்தேன். மலையாளிக் கடைக்காரர் கையிலிருந்த தராசைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்தார்.

இவர் தன் விரலிலிருந்த மோதிரத்தைத் திருகித் திருகிக் கழற்றிக் கடைக்காரர் முன்னால் வைத்தார்.

"சேட்டா, இதை உருக்கிச் செய்யணும். எத்தனை சின்னதானாலும் மதி, அது போதும்."

வாக்கும் தப்பவில்லை. பணமும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது.

ஆனால் இவர் கழற்றிக் கொடுத்தது, கல்யாணத்தில் இவருக்கு என் அப்பா போட்ட மோதிரம். அதைக் கழற்றும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மனுக்குக் கொடுத்ததற்காகப் புருஷனிடம் சண்டை போடலாமா, கூடாதா? கல்யாணமானவர்கள் மட்டும் சொல்லுங்கள்.