நட்சத்திரத்துக்கு முன்னால் ஓர் இடைவெளி

பேச்சுப் பயிற்சி நிலையத்தில் அவளைக் 'குறுக்குவழி அக்கா' என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வரவேற்பு மேசைக்கென்று வேலைக்குச் சேர்ந்தவள். ஒருநாள் கம்ப்யூட்டர் மக்கர் செய்தபோது பழுது பார்க்க வந்தவர் மவுஸைத் தொடவே இல்லை. கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து நாலே நாலு சொல் தட்டிச் சரிசெய்துவிட்டுக் கிளம்பினார். அந்த நாலு சொல்லையும் அவள் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். பிறகு அவரைக் கேட்டும் இவரைக் கேட்டும், தப்பும் தவறுமாகத் தட்டித் தட்டியும், ஒரு வருடத்தில் அந்தத் திரை அவளுக்குக் கைவந்துவிட்டது.

பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்கள் அங்கே வருவார்கள். வாராவாரம் அவர்கள் பேசுவதைப் பதிவு செய்வார்கள்; எவ்வளவு மீண்டிருக்கிறார்கள் என்று அதை வைத்துத்தான் தெரியும். முந்நூறு பதிவுகளுக்குப் பெயர் மாற்ற மற்றவர்களுக்கு இரண்டு நாள் பிடிக்கும். அவள் ஒரே வரியில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போவாள். முதல் மூன்றெழுத்தைத் தட்டி 'டேப்' விசையை அழுத்தினால் மிச்சப் பெயரைத் திரையே நிரப்பும். மேல் அம்பை அழுத்தினால் நேற்றுத் தட்டிய வரி திரும்ப வந்து நிற்கும். ஒரே வேலையை இரண்டு தடவை செய்வது அவளுக்கு ஏதோ பாவம் செய்வது மாதிரி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இடமில்லை என்று கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. வேண்டாத நகல்களின் பெயரெல்லாம் 'பழசு' என்று தொடங்கும். அந்தச் சொல்லோடு ஒரு நட்சத்திரக் குறியை ஒட்டிப் போட்டால், 'பழசு என்று தொடங்குவதெல்லாம்' என்று பொருள். அழிக்கும் கட்டளையோடு அதைத் தட்டினாள். மேசைக்கு வந்த ஒருவர் ஏதோ கேட்க, அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே தட்டியதில் சொல்லுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. தனியாக நிற்கிற நட்சத்திரத்துக்கு ஒரே பொருள்தான்: எல்லாம்.

கறுப்புத் திரை 'நிச்சயமா?' என்று கேட்கிற ரகம் இல்லை. 'பழசு' என்று எதுவும் இல்லை என ஒரு வரி முணுமுணுத்துவிட்டு, அடுத்த கட்டளைக்குக் காத்திருந்தது. என்ன மிச்சம் என்று அவள் பட்டியல் கேட்டாள். ஒரு பெயரும் வரவில்லை.

அலமாரியில் ஒரு காப்பு டிஸ்க் இருந்தது. ஆனால் அதில் கடைசியாக ஏற்றி ஆறு வாரம் ஆகியிருந்தது. அந்த ஆறு வாரத்தின் அறுபத்து மூன்று பதிவுகள் போனது போனதுதான்.

'டிஸ்க் பழுதாகிவிட்டது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். அவளைக் குறுக்குக் கேள்வி கேட்கிற அளவுக்கு விஷயம் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. அதுதான் அவளைச் சுட்டது. பயிற்சியாளர் அம்மாவின் அறைக்குப் போய், உட்காராமலே நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. யார் யாருடைய பதிவுகள் என்று கேட்டு எழுதிக்கொண்டு, நிமிராமலே சொன்னார்: "அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க."

முதலில் வந்தவர் ஒரு தச்சர். மூன்று மாத மௌனத்துக்குப் பிறகு அவர் வாயைத் திறந்தது அந்த ஆறு வாரத்துக்குள்தான். அந்த முதல் வார்த்தையைத் தன் அண்ணன்மாருக்கெல்லாம் போட்டுக் காட்ட வேண்டுமென்று அவர் மனைவி சொல்லிவைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மனைவியின் முகம் சுண்டிப்போயிற்று. தச்சர் கையை உயர்த்தினார்.

நோயாளி சொல்லைத் தேடும்போது யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்பது அங்கே விதி. அவள் காத்திருந்தாள். எதையும் ஒரு வரியில் முடித்துப் பழகியவளுக்கு அந்த ஒரு நிமிடம் ஒரு யுகமாக நீண்டது.

"முதல்... வார்த்தை," என்றார் தச்சர். மூச்சு வாங்கினார். "கெட்ட... வார்த்தை. போனதே... நல்லது."

மனைவி அவரை ஏறிட்டுப் பார்த்தார். "யாரைத் திட்டினீங்க?"

தச்சர் பயிற்சியாளரின் அறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

எல்லோரும் அப்படி இல்லை. ஒருவர் எழுத்தில் புகார் கொடுத்தார். நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. பயிற்சியாளர் அம்மா ஒரு மாதம் வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இனி அந்தத் திரைப் பக்கமே போகப்போவதில்லை என்று அவள் வீட்டில் புலம்பினாள். லிஃப்ட் பழுது பார்க்கும் கணவன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "நாங்க கரண்ட அணைச்ச கையோட தொட மாட்டோம். அணைஞ்சிருக்கான்னு மீட்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் தொடுவோம். அதுக்காக லிஃப்ட்டே வேணாம்னு சொல்ல முடியுமா?"

அன்றிலிருந்து அவள் அழிப்பதற்கு முன்னால் அதே குறியைப் பட்டியல் போடும் கட்டளையோடு தட்டி, எது எது சிக்குகிறது என்று கண்ணால் படிப்பாள். பிறகுதான் கை வைப்பாள். தந்திரம் கேட்டு வருகிறவர்களுக்கும் முதலில் அதைத்தான் சொல்கிறாள். அவர்களுக்குக் கொட்டாவி வருகிறது.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் தன் அப்பாவின் குரல் பதிவைக் கேட்டு வந்தாள். அவர் இங்கே வந்துகொண்டிருந்தவர், பதிவுகள் அழிந்த வாரமே உடம்பு முடியாமல் நின்றுவிட்டார்; போன வாரம் தவறிவிட்டார். அவர் சேர்ந்ததே அந்த ஆறு வாரத்துக்குச் சற்று முன்புதான். அவர் பெயரில் எந்தப் பதிவும் மிஞ்சவில்லை. அதை அந்தப் பெண்ணிடம் ஒளிக்காமல் சொன்னாள். பிறகு, "கொஞ்சம் உக்காருங்க," என்று சொல்லிவிட்டு, அவர் வந்த முதல் நாளின் தேதியைக் கொடுத்துக் காப்பு டிஸ்க் முழுவதையும் தேடினாள். ஒன்பது கோப்புகள் வந்தன. ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஆறாவதில் இருந்தது அந்தப் பெண்ணின் அப்பா குரல்; வேறொருவர் பெயரில் தவறாகச் சேர்ந்திருந்தது. ஒரு கிழவர் ஒன்றிலிருந்து எண்ணுகிறார். எட்டில் தடுக்கி நிற்கிறார். தன்னை நினைத்தே மெல்லச் சிரிக்கிறார். மொத்தம் இருபத்தொன்பது விநாடி.

அந்தப் பெண் இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாள்.

"இது போதும்னு சொல்ல மாட்டேன்," என்றாள். "ஆனா குடுங்க."

பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, தெரு முனை வரைக்கும் அந்தப் பெண்ணோடு நடந்து போனாள்.